பனிமலைக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி

ஸ்கீ ரிசார்ட் எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு சங்கரன்கோவில்ல உக்காந்துகிட்டு ஒருத்தன் த்ரெட் போடுறானேன்னு சிரிக்காதீங்க. இங்க மார்கழியிலயே ஃபேன் ஓடும், தெரியும்.

ஆனா கொஞ்ச நாளா ஓ.பி.யில இந்தக் கேள்வி வந்துகிட்டே இருக்கு. "சார், காஷ்மீர் பேக்கேஜ் போட்டிருக்கோம். அம்மாவுக்கு பிரஷர் இருக்கு. ஒண்ணும் ஆகாதுல்ல?" எல்லாரும் பணம் கட்டி முடிச்ச பிறகுதான் கேக்குறாங்க. இன்னும் பணம் கட்டாதவங்களுக்குத்தான் இந்த நீள இழை.

போன ஜனவரியில நாங்களே போனோம். அப்பாவுக்கு 67 வயசு. தறி ஓட்டி எங்களைப் படிக்க வச்சவர். போறதுக்குப் பதினாலு மாசம் முன்னாடிதான் ஸ்டென்ட் வச்சிருந்தது. அம்மாவுக்கு இன்சுலின். என் மனைவி, ஒன்பது வயசு மக, அப்புறம் பெங்களூர்ல வேலை பாக்குற மச்சினன். சறுக்கணும்னு ஆசைப்பட்டது மச்சினனும் மகளும். பனியைக் கண்ணால பாக்கணும்னு ஆசைப்பட்டது அப்பா. "டிவியில பாத்தது போதும்ல, ஒரு தடவ தொட்டுப் பாத்துடணும்"னார். மறுக்க முடியல.

இந்தியாவுல ஸ்கீ பண்ண நம்ம பட்ஜெட்டுக்குள்ள மூணு இடம்தான் பேச்சுக்கு வரும். காஷ்மீர்ல குல்மார்க், உத்தராகண்ட்ல ஔலி, இமாச்சல்ல மணாலி பக்கத்துல இருக்கிற சோலாங். யூடியூப்ல எல்லாம் ஒரே வெள்ளைதான். போட்டோவை வச்சுத் தேர்ந்தெடுத்தா மூணும் ஒண்ணு.

முதல்ல உயரம். நம்ம ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். குல்மார்க் மைதானம் சுமார் 2,650 மீட்டர். அதாவது தொட்டபெட்டா டெலஸ்கோப் வீட்டுக்கிட்ட நின்னு போட்டோ எடுத்த எல்லாரும் குல்மார்க் உயரத்தை ஏற்கெனவே பாத்தாச்சு! சோலாங்கும் ஔலியும்கூட 2,500-க்கு மேலதான். ஆனா தொட்டபெட்டாவுல யாரும் ராத்திரி தூங்கல. மலை நோயோட கணக்கு பகல்ல ஏறின உயரத்தை விட, ராத்திரி தூங்குற உயரத்தை வச்சுத்தான் அதிகம். சுமார் 2,500 மீட்டருக்கு மேல தூங்கும்போதுதான் தலைவலி, குமட்டல், தூக்கம் வராம புரள்றது எல்லாம் ஆரம்பிக்கும். அதனால நாங்க முதல் ரெண்டு ராத்திரி ஸ்ரீநகர்லயே தங்கினோம். அது 1,600 மீட்டருக்குள்ளதான்.

அடுத்து நான் பாத்தது எந்த விளம்பரத்துலயும் இருக்காது. நெஞ்சு வலி வந்தா ஆஞ்சியோ பண்ற இடம் எவ்வளவு தூரம்?

இந்தக் கணக்கு எனக்குத் தினமும் பழக்கம். இங்க ஹார்ட் அட்டாக் கேஸ் வந்தா இ.சி.ஜி. எடுத்து, முதல் மருந்துகளைக் கொடுத்து, 108-ல ஏத்தி திருநெல்வேலி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புவோம். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். குல்மார்க்ல இருந்து ஸ்ரீநகரும் ஐம்பது கிலோமீட்டர்தான். அங்க சௌராவுல பெரிய அரசு இன்ஸ்டிட்யூட்டே இருக்கு. வழியில டங்மார்க்ல ஒரு அரசு ஆஸ்பத்திரி. என்ன, குல்மார்க்–டங்மார்க் பதிமூணு கிலோமீட்டர் பனி விழுந்தா டயர்ல சங்கிலி கட்டின வண்டியிலதான் இறங்கணும். அதையும் கணக்குல வச்சேன்.

ஔலியில இந்தக் கணக்கு பயமுறுத்துது. மெடிக்கல் காலேஜுக்குக் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் மலைப்பாதை (அந்த ஊர் பேரும் ஸ்ரீநகர்தான், ஆனா கர்வால் ஸ்ரீநகர், குழப்பிக்காதீங்க). ரிஷிகேஷ் எய்ம்ஸ் 250 கிலோமீட்டர். அதோட 2023 ஜனவரியில ஔலிக்கு அடிவாரமான ஜோஷிமட்ல வீடுகள் விரிசல் விட்டு மக்களை வெளியேத்தினது ஞாபகம் இருக்கும், அப்பதான் ரோப்வேயையும் நிறுத்தினாங்க. சறுக்கக் கத்துக்க ஔலி அருமையான சரிவுன்னு எல்லாரும் சொல்றாங்க. 2011-ல தெற்காசியக் குளிர்கால விளையாட்டே அங்க நடந்தது. இருபத்தஞ்சு வயசுல நண்பர்களோட போறீங்களா, கண்ணை மூடிட்டு ஔலி போங்க. ஸ்டென்ட் வச்ச அப்பாவோட நான் போகமாட்டேன்.

மணாலி நடுத்தரம். குல்லு நாற்பது கிலோமீட்டர், மெடிக்கல் காலேஜ் நூறைத் தாண்டி நேர்சௌக்ல. கிறிஸ்துமஸ் சமயத்துல அந்த ரோட்டுல வண்டி நகராதுங்கறது தனிக்கதை.

"காஷ்மீரா? இப்பவா?"ன்னு கேப்பீங்க. 2025 ஏப்ரல் 22-ல பஹல்காம்ல 26 பேரைச் சுட்டுக் கொன்ன பிறகு அந்தக் கேள்வி நியாயம்தான். டாக்டரா அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எங்க வீட்டுலயும் ஒரு வாரம் விவாதம் ஓடுச்சு. அரசு திறந்து வச்சிருக்கிற இடத்தைத் தாண்டி எங்கயும் போகமாட்டோம்னு சொன்ன பிறகுதான் அம்மா சரின்னாங்க. உங்க வீட்டு முடிவு வேறயா இருந்தா அதுவும் சரியே.

இப்ப சொல்லப்போறதுதான் இந்த இழையிலயே முக்கியம். மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க.

ஹோட்டலுக்கு போன் போட்டுக் கேக்க வேண்டியது வியூ, வைஃபை, பிரேக்ஃபாஸ்ட் மட்டும் இல்ல. "ராத்திரி ரூமை எதை வச்சுச் சூடாக்குறீங்க?"

2020 ஜனவரியில கேரளத்துல இருந்து நேபாளம் போன சுற்றுலாக் குழுவுல எட்டுப் பேர், ரெண்டு குடும்பம், அதுல நாலு குழந்தைங்க, தாமன்ங்கிற மலை ஊர்ல ஒரே ரூம்ல மயங்கிக் கிடந்தாங்க, யாரும் பிழைக்கல. குளிருக்கு கேஸ் ஹீட்டர். கதவு, ஜன்னல் எல்லாம் உள்பக்கம் சாத்தியிருந்தது. செங்கோட்டையைத் தாண்டினா கேரளா. நம்மள மாதிரியே வெக்கையில பொறந்து வளந்த குடும்பங்கள்.

மூடின ரூம்ல கேஸோ கரியோ விறகோ எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல இது இருநூறு மடங்குக்கு மேல பலமா ஒட்டிக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் வாந்தி, மயக்கம். கவனிச்சீங்களா? மலை நோய்க்கும் இதே அறிகுறிதான். "மலை ஏறினோம்ல, அதான்"னு ஒரு மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துருவோம். ஒரே ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி வந்தா மலையைச் சந்தேகப்படாதீங்க. ஹீட்டரைச் சந்தேகப்படுங்க. எல்லாரையும் எழுப்பி வெளிய கூட்டிட்டு வாங்க, வெளிய எவ்வளவு குளிரா இருந்தாலும் சரி.

இன்னொண்ணு. கொரோனாவுக்குப் பிறகு எல்லார் பையிலயும் விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கு. இந்த விஷயத்துல அது ஏமாத்தும். கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறின ரத்தத்தையும் அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98-ன்னு காட்டும்.

நம்ம ஊர்ல வெயில்ல மயங்கினா என்ன பண்ணணும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். மோர் கொடு, நிழல்ல படுக்க வை. குளிரைப் பத்தி அப்படி வழிவழியா வந்த அறிவு நமக்கு இல்ல. குளிருதுன்னா எல்லாத்தையும் இழுத்து மூடுன்னுதான் கை போகும்.

நான் நாலு ஹோட்டலுக்கு போன் போட்டேன். ஒருத்தர் உற்சாகமா, "கேஸ் ஹீட்டர் தரோம் சார், ஜன்னலை நல்லா மூடிக்கோங்க, சூடு வெளிய போகாது"ன்னார். நன்றி சொல்லி வச்சுட்டேன். ரெண்டு இடத்துல புகாரி, அதாவது புகைக்குழாய் வச்ச விறகடுப்பு. குழாய் ஒழுங்கா வெளிய போகுதான்னு நேர்ல பாக்காம அதையும் நம்ப மனசு வரல. நாலாவது இடத்துல வெந்நீர்க் குழாய் ஓடுற சென்ட்ரல் ஹீட்டிங், படுக்கைக்கு எலக்ட்ரிக் போர்வை. ராத்திரிக்கு ஆயிரத்தி ஐந்நூறு ரூபாய் அதிகம். அந்த இடம்தான் போட்டோவுல சுமாரா இருந்தது. அங்கதான் தங்கினோம். மகளுக்கு வியூ இல்லைன்னு கோபம்.

அம்மாவோட இன்சுலினும் ஒரு பாடம் எடுத்தது. இங்க கரண்ட் போனா இன்சுலினை மண்பானைத் தண்ணிக்கிட்ட வைக்கச் சொல்லி நான்தான் எல்லாருக்கும் சொல்லுவேன். அங்க தலைகீழ். உறைஞ்ச இன்சுலின், திரும்ப உருகினாலும் வேலைக்கு ஆகாது, தூக்கிப் போட வேண்டியதுதான். விமானத்துல லக்கேஜ்ல போடாம கைப்பையில. வெளிய போகும்போது ஸ்வெட்டருக்குள்ள, உடம்போட ஒட்டி. அம்மா அதை இடுப்புல சுருக்குப் பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. சுகர் பாக்குற மெஷினும் குளிர்ல எர்ரர் காட்டும், ரூம்ல வச்சுப் பாருங்க.

எப்பப் போறதுங்கறதுலயும் நம்ம காலண்டர் பனியோட காலண்டரோட ஒத்துப் போகாது. அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில. காஷ்மீர்ல கடுங்குளிர் நாற்பது நாள், "சில்லை கலான்"னு சொல்லுவாங்க, டிசம்பர் 21-லதான் தொடங்குது. அரையாண்டு லீவுல போனா பனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 2024-ல ஜனவரி பாதி வரைக்கும் குல்மார்க் புல்தரையாத்தான் கிடந்தது. பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிட்டுப் போறதான்னு அம்மா ஒரே பிடி. கடைசியில குடியரசு தின வாரம். மகளுக்கு நாலு நாள் ஸ்கூல் போச்சு. கணக்கு டீச்சர் என்னைப் பாத்தா இன்னும் சிரிக்கமாட்டாங்க.

சறுக்குறதைப் பத்திச் சுருக்கமா. முதல் தடவைன்னா மலை உச்சியில வேலை இல்ல. குல்மார்க்ல கீழேயே தொடக்கக்காரங்களுக்கான மெத்தென்ற சரிவு இருக்கு, மத்திய சுற்றுலாத் துறையோட பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனமும் இருக்கு. வாடகைக் கட்டையில முக்கியமானது, விழுந்தா பூட்ஸைத் தானா கழட்டி விடுற பூட்டு. அது கழலலைன்னா முழங்கால் லிகமெண்ட் கழண்டுரும். உங்க எடைக்கு அதை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லி நின்னு பாருங்க. கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்கு இல்ல, பனியில பட்டுத் திரும்புற வெயில் கண்ணைப் புண்ணாக்கும். தடம் போட்ட எல்லையைத் தாண்டிப் போகாதீங்க. 2023 பிப்ரவரியில போலந்துக்காரங்க ரெண்டு பேர், 2024 பிப்ரவரியில ரஷ்யாக்காரர் ஒருத்தர், அங்கதான் பனிச்சரிவுல இறந்தாங்க. அவங்க நம்மள மாதிரி புதுசு இல்ல.

கடைசியா கொண்டோலா. ரெண்டு கட்டம். முதல் கட்டம் கொங்தூரி, சுமார் 3,050 மீட்டர். ரெண்டாவது அஃபர்வத் மலைத்தோள், கிட்டத்தட்ட 3,950. அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல ஆறு பங்குக்குப் பத்துதான்னு தலைகீழா எழுதப் போனேன், பத்துல ஆறு பங்கு. பேக்கேஜ்காரங்க ரெண்டையும் சேத்துத்தான் விப்பாங்க.

ஸ்டென்ட் வச்சா, ஹார்ட் அட்டாக் வந்தா, குறைஞ்சது ஆறு மாசம் உயரமான இடத்துக்குப் போக வேண்டாம்னு பொதுவா சொல்லுவோம். அப்பா அதைத் தாண்டியாச்சு. அவரோட இதய டாக்டர் ட்ரெட்மில் பாத்து, எக்கோ பாத்து, குல்மார்க் வரைக்கும் சரின்னு சொல்லியிருந்தார். அரை மணி நேரம் மேல போயிட்டு இறங்கினா மலை நோய் வர நேரமே இருக்காது, வாஸ்தவம். என் பயம் வேற. அந்த உயரத்துல, மைனஸ் குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்போது, முழங்கால் அளவு பனியில நாலு எட்டு நடக்கிறது இதயத்துக்கு மாடிப்படி ஏறுற வேலை. அந்த நேரம் பார்த்து காத்தடிச்சு கேபிளை நிறுத்திட்டாங்கன்னா இறங்க வழி இல்ல. காத்துக்காக ரெண்டாவது கட்டத்தை நிறுத்துறது அங்க சாதாரணம்.

கொங்தூரியில அப்பாவுக்கு ஆக்சிஜன் 89, எனக்கு 92. அவர் சௌகரியமாத்தான் இருந்தார். ரெண்டாவது கட்டத்துக்கு நிக்கிற வரிசையைப் பாத்துட்டு, "ஏல, இம்புட்டு தூரம் வந்துட்டு பாதியில நிக்கதா?"ன்னார். வேண்டாம்ப்பான்னேன். "டாக்டருக்குப் படிக்க வச்சது தப்பாப் போச்சு"ன்னு சொல்லிட்டு டீக்கடை பெஞ்சுல உக்காந்துட்டார். அரை மணி நேரம் எங்கிட்டப் பேசல. கையுறையைக் கழட்டிட்டு ஒரு கை பனியை அள்ளி, உருட்டி, உதிர்த்து, திரும்ப அள்ளிக்கிட்டே இருந்தார். விரல் சிவந்த பிறகு நான்தான் கையுறையை மாட்டிவிட்டேன்.

மச்சினன் மட்டும் மேல போயிட்டு வந்தான். "மேல என்னல தெரிஞ்சுது?"ன்னு அப்பா கேட்டார். "ஒரே மேகம் மாமா, ஒண்ணும் தெரியல"ன்னான். நிஜமாவே மேகமா, அப்பாவுக்காகச் சொன்னானான்னு நான் கேக்கல.

மருந்துப் பையில என்ன என்ன வைக்கணும்னு நிறைய பேர் கேப்பீங்க. அசெட்டசோலமைடை வாட்ஸ்அப் ஃபார்வர்டு பாத்து வாங்காதீங்க, சல்ஃபா அலர்ஜி, கிட்னி பிரச்சினை இருக்கிறவங்களுக்கு முக்கியமா யோசிக்கணும். மத்த லிஸ்ட் ஞாயித்துக்கிழமை போடுறேன். இப்ப நைட் ட்யூட்டி.