அம்முவுக்கு எப்ப போன்?

பொங்கலுக்கு மதுரை போயிருந்தேன். அக்கா வீட்ல பையை வச்சிட்டு காபி டம்ளரை கையில வாங்கினதுதான் தாமதம், அக்கா ஆரம்பிச்சிட்டா.

"டேய், நீ கம்ப்யூட்டர்லதானே குப்பை கொட்டுற. அம்முவுக்குப் போன் வாங்கிக் கொடுக்கலாமா வேணாமா, நீயே சொல்லு."

இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு சொந்தக்காரங்க வீட்டு பிரின்டர், டிவி ரிமோட் எல்லாம் பார்த்தாச்சு. இப்ப குழந்தை வளர்ப்பும் நம்ம தலையில. இத்தனைக்கும் எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, அது வேற சோகம் :)

அம்மு, அக்கா பொண்ணு. 11 வயசு, ஆறாங்கிளாஸ். ஸ்கூல் முடிஞ்சு நேரா டியூஷன், வீடு திரும்ப ஏழரை ஆகும். நவம்பர்ல ஒரு நாள் மழைன்னு டியூஷனை சீக்கிரம் விட்டுட்டாங்க. புள்ள ஒரு மருந்துக்கடை வாசல்ல முக்கால் மணி நேரம் தனியா நின்னிருக்கா. அன்னையிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்ல. அத்தானோ, "வாங்கிக் கொடுத்துட்டா போச்சு, காலம் மாறிடுச்சு" கட்சி.

சரி, பெரிய மனுஷங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்னு ஆரம்பிச்சேன். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ரெண்டும் 13 வயசுன்னு சொல்லுது. ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர் 10லேர்ந்து 16 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க சமூக வலைத்தளங்கள்ல கணக்கு வச்சுக்கக் கூடாதுன்னு சட்டமே வந்திடுச்சு. நம்ம ஊர் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வரைக்கும் குழந்தைதான். அக்கா கேட்டது ஒரு நம்பர், கிடைச்சது மூணு. மூணுமே கணக்கு தொடங்குறதுக்கும் தகவல் எடுக்குறதுக்கும் உள்ள வயசு. எந்தப் புள்ள கையில எப்ப போன் கொடுக்கலாம்னு எந்தச் சட்டமும் சொல்லல.

இன்னொன்னு. போன் அம்முவுக்குப் புதுசு கிடையாது. 2020 ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த புள்ள அவ. ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1. அது வரைக்கும் அவ டீச்சர் ஆறு அங்குலத் திரைக்குள்ளதான் இருந்தாங்க. நாமளே கையில திணிச்சிட்டு, இப்ப "தயாரா?"ன்னு கேக்குறோம்.

அன்னைக்கு ராத்திரி அக்கா அவளோட பழைய போனைக் கொண்டு வந்து கொடுத்தா. அம்மு வீட்டுப்பாடம் பாக்குறது, கேம் ஆடுறது எல்லாம் அதுலதான். "இதுலயே ஏதாவது லாக் போட்டுக் கொடுடா"ன்னா. அம்முவைப் பக்கத்துல உக்கார வச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா பார்த்தேன். கேமுக்குள்ள ஒரு சாட் பெட்டி. யாரோ ஒருத்தன் ரெண்டு வாரமா பேசிக்கிட்டு இருக்கான். முதல்ல கேம் பத்தி. அப்புறம் எந்த ஸ்கூல். அப்புறம், உன் போட்டோ ஒண்ணு அனுப்பு. அம்மு எதுவும் அனுப்பல. "அம்மா திட்டுவாங்க"ன்னு மட்டும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கா.

எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சு.

"அம்மாகிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா போனைப் புடுங்கிடுவாங்கல்ல மாமா."

"அதெல்லாம் மாட்டாங்க, நான் பேசிக்கிறேன்"னு வீராப்பா சொல்லிட்டு அக்காகிட்ட காட்டினேன். அக்கா பார்த்தா. முகம் வெளுத்திடுச்சு. அடுத்த நொடி போனைப் பிடுங்கி பீரோவுல வச்சு பூட்டிட்டா. "இனிமே இந்த வீட்ல உனக்குப் போனே கிடையாது!"

அம்மு அழல. என்னைத் திரும்பிப் பார்த்தா. அவ்ளோதான். அந்தப் பார்வையை மறக்க முடியல மக்களே.

கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க. 2009, எனக்கு 12 வயசு. அப்பாகிட்ட நோக்கியா 1100. சித்தப்பாவுக்குப் போன் போட்டா ஒரு பாட்டு கேக்கும், நடுவுல ஸ்டாரை அமுக்கினா அதே பாட்டு உங்களுக்கும்னு ஒரு பொண்ணு சொல்லும். அமுக்கிட்டேன். அப்பா போட்ட 50 ரூபா ரீசார்ஜ்ல 30 ரூபா காலி. அப்பா நேரா ரீசார்ஜ் கடைக்குப் போய் அந்த அண்ணன்கிட்ட சண்டை. தெருவே வேடிக்கை பார்த்துச்சு. நானும் பார்த்தேன். வாயைத் திறக்கல. அடிக்குப் பயம்.

இந்தக் கதையை அன்னைக்குத்தான் முதல் தடவையா அக்காகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. "அந்தக் கடை அண்ணன்கிட்ட அப்பா ரெண்டு வருஷம் பேசலடா"ன்னா. அப்புறம் எந்திரிச்சுப் போய் பீரோவைத் திறந்தா.

முதல்ல அந்தப் பேச்சையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சோம். அப்புறம் கேம்லயே புகார் பண்ணி, அவனை பிளாக் பண்ணோம். தொந்தரவு தொடர்ந்தா கூப்பிடன்னு 1098, 1930 ரெண்டு நம்பரையும் அக்கா எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினா. மொதல்லது குழந்தைகளுக்கான உதவி எண், ரெண்டாவது இணையவழிப் பண மோசடிக்கானது, ரெண்டும் இருக்கட்டும்னா. கேம்ல சாட்டை மூடிட்டேன்.

போன் விஷயத்துல என் தீர்ப்பு இதுதான். மழையில நின்ன பிரச்சினைக்குத் தேவை ஒரு கால். அதுக்குப் பட்டன் போன் போதும், அடுத்த நாளே வாங்கியாச்சு. "மாமா, இதுல ஒரு பாம்பைத் தவிர ஒண்ணுமே இல்ல"ன்னு அம்மு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டா. ஸ்மார்ட்போன் அவளுக்குன்னு தனியா இப்ப வேணாம். புள்ள மேல நம்பிக்கை இல்லாம இல்ல. நான் வேலை பாக்குற இடத்துல, மறுநாள் எத்தனை பேர் ஆப்புக்குத் திரும்பி வந்தாங்கங்கிறதுதான் தினமும் காலையில நாங்க பாக்குற முதல் கணக்கு. அதைக் கூட்டுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். எதிர்ல அம்முவைத் தனியா உக்கார வைக்க எனக்கே மனசு வரல.

எந்த வயசுலங்கிறதுக்கு என்கிட்ட நம்பர் இல்ல. தப்பு நடந்தா ராத்திரிக்குள்ள வந்து சொல்ற அளவுக்குப் புள்ளைக்குத் தைரியம் வரணும். அதைக் கேட்டுட்டு பீரோ சாவியைத் தேடாத அளவுக்கு நமக்குப் பொறுமை வரணும். அம்மு முக்கால்வாசி தயார். ரெண்டு வாரம் ஒத்தையா நின்னு ஒரு போட்டோகூட அனுப்பாத புள்ள அவ. நாங்கதான் இன்னும் பழகணும். "எதுவா இருந்தாலும் வந்து சொல்லு, சொன்னதுக்காக போனை வாங்க மாட்டேன்"னு அக்கா அவ தலையில கைய வச்சு சொல்லியிருக்கா. நிப்பாளான்னு பாக்கணும்.

இன்னொரு விஷயம். கிளம்புற அன்னைக்கு அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாரு. அந்த 30 ரூபாயைச் சொல்லிடலாம்னு ரெண்டு தடவை வாயெடுத்தேன். சொல்லல.

எனக்கே இன்னும் போன் வச்சுக்குற வயசு வரலையோ என்னமோ :)