யோத எலக் கரையிலே

கல்லூரியை விட்டு நீங்கி அரை நூற்றாண்டு ஆகியும், ஒன்றுகூடிப் பயணஞ்செய்யும் வழக்கத்தை நாம் கைவிட்டிலோம். இம்முறை பழைய மாணவர் பதினொருவர் கலாவாவிக்குச் சென்று, அங்கிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு நீர் கொண்டுசெல்லும் யோத எலக் கரைவழியே நான்கு மைல் நடந்தோம். நீர்ப்பாசனப் பகுதியிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற சிங்களப் பெரியார் ஒருவர் வழிகாட்டி வந்தார். புறப்படுமுன் ஒவ்வொருவரிடமும் ஊர் எதுவென வினவினார்.

54 மைல் நீளமான இக்கால்வாய், 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் வெட்டுவித்தது. முதல் 17 மைலில், மைலொன்றுக்கு 6 அங்குலமே சரிவு என்றார் பெரியார். மொத்தம் 8½ அடி என உடனே கணக்கிட்டுச் சொன்னவர், வகுப்பிலே கணிதத்தில் என்றும் கடைசியாய் நின்ற அன்பர்! பள்ளமான பக்கத்தில் மாத்திரமே கட்டு உண்டு. மேட்டுப்பக்கம் திறந்தே கிடத்தலால், மழைவெள்ளம் தடையின்றி வந்து சேர்கின்றது; நீர் ஆங்காங்கே குளம்போல் அகன்று, மருதமர நிழலில் அசைவதே தெரியாது செல்கின்றது. 1976 முதல் மகாவலி நீரும் கலாவாவியில் வந்து கலக்கின்றது.

நம்முள் ஒருவர் அநுராதபுரத்திற் பிறந்தவர். தந்தையார் அங்கே புகையிரதப் பகுதி உத்தியோகத்தர். 1977 ஆவணிக் கலவரத்தில் அக்குடும்பம் உடுத்த உடையோடு வெளியேறிற்று. அதன்பின் அவர் அவ்வூரில் இறங்கியதேயில்லை. புகையிரதம் அங்கு நிற்கும்போது யன்னலைச் சாத்திக்கொள்வார். ஊர் கேட்போர்க்கெல்லாம் மானிப்பாய் என்பார். அன்று காலையும் அவ்வாறே சொன்னார்.

மகன் காசியப்பன் பொருள் கேட்டு வருத்தியபோது, தாதுசேனன் கலாவாவி நீரைக் கையில் ஏந்தி, தன் செல்வம் இவ்வளவே என்று காட்டிய கதையைப் பெரியார் கூறினார். யாவரும் மௌனமாயினோம். அன்பர், நெடுங்காலம் நாவில் எடாத சிங்களத்திலே, "இந்த நீர் திசாவாவிக்குத்தான் போகுமா?" என்று கேட்டார்.

"ஆம், மாத்தயா. அதற்காகவே வெட்டியது."

"அங்கேதான் நான் நீந்தப் பழகினேன். அநுராதபுரந்தான் எனக்கு ஊர்."

பெரியார் அவரைச் சற்றே நோக்கினார். பின்பு அவருடைய கையைப் பற்றிக்கொண்டார். காலையிற் சொன்ன ஊரைப்பற்றி ஒன்றும் கேட்டாரல்லர்.

நேரே யாழ்ப்பாணம் திரும்புவதென்பதே எமது ஏற்பாடு. அன்பர் வேண்டியபடி வாகனத்தைத் திசாவாவிப் பக்கம் விடச்செய்தோம். சேர்ந்தபொழுது நன்றாய் இருட்டிவிட்டது, குளம் தெரியவில்லை. அவர் மாத்திரம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிச் சென்றார். நாம் கட்டின்மேல் நின்று காத்திருந்தோம்.