என்ன வேலை பார்த்தீங்க?

7.3.2016, திங்கள்

நான் மருந்து கொடுக்கும் நோயாளி ஒருவருக்கு இன்றோடு இருபதாவது ஊசி. காசநோய்க்கு இரண்டாம் சுற்று மருந்து. முதல் ஆறு மாதத்தில் ஒரு வேளைகூடத் தவறவிடாதவர். அட்டையில் என் கையெழுத்தே சாட்சி. இரண்டு சுற்றிலும் சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் இரு பக்க நுரையீரலின் மேல்பாகத்திலும் புள்ளிபுள்ளியாக நிழல், அதை வைத்துத்தான் மருந்து. வயது 44. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார்.

"இன்னாத்துக்கு சார் இந்த ஊசி? இடுப்பு மரத்துப்போனதுதான் மிச்சம்" என்றார். மாத்திரையை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

8.3.2016, செவ்வாய்

மேல்மலையனூர் மாசித் திருவிழா. பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. பைக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தார்.

"இப்பப் பரவாயில்ல சார். அவரு வேலைக்குப் போனப்ப அலசுனா தண்ணி பால் மாதிரி வரும். மூணு தண்ணி மாத்தணும்."

என்ன வேலை? கிரஷர். 19 வருஷம், ஜல்லி சலிக்கும் இடத்தில். வாயில் கட்டிக்கொண்ட துண்டை எடுத்து வந்து காட்டினார். வெயிலுக்கு நேரே பிடித்தேன். இழைக்கு இழை சந்து. நுரையீரலின் கடைசி அறைவரை போகும் தூள் மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான்.

ஒன்றரை வருஷமாகப் பார்க்கும் ஆள். பீடி உண்டா, குடி உண்டா, வீட்டில் யாருக்காவது இருமலா, மூன்றும் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்கவில்லை.

9.3.2016, புதன்

சந்தை நாள். ஆட்டுக் கத்தலுக்கு நடுவே, தெரிந்த நெஞ்சக மருத்துவரிடம் படத்தைக் கொண்டுபோனேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தவர், நெஞ்சு நடுவே நிணநீர்க் கணுக்களைச் சுற்றி முட்டை ஓடு போலச் சுண்ணாம்புக் கோடு இருப்பதைக் காட்டினார். "கிருமி இல்லப்பா, இது கல்."

சிலிக்கோசிஸ். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் தூளை விழுங்க வரும் செல் செரிக்க முடியாமல் செத்துப்போகிறது. தூள் மறுபடி வெளியே வர, அடுத்த செல் வந்து விழுங்குகிறது. இப்படியே நுரையீரல் தழும்பேறுகிறது. குணமாக்க மருந்தில்லை, வேலையை விட்ட பிறகும் முற்றலாம். காசநோயும் இதன்மேல் சுலபமாக ஏறும், அதனால் சளியை மறுபடி பார், மருந்தை நீயாக நிறுத்தாதே என்றார்.

1700-இல் தொழிலாளர் நோய்கள் பற்றிப் புத்தகம் போட்ட இத்தாலிய மருத்துவர் ராமாசினி, நோயாளியிடம் என்ன வேலை என்றும் கேள் என்று சொன்னவராம். நான் 316 வருஷம் தாமதம்.

10.3.2016, வியாழன்

டீக்கடையில் பேப்பர். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு. டீ ஆறிப்போகும்வரை அதையே படித்தேன்.

அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த ஆலையைப் பெயர்த்து வந்து எண்பதுகளில் பாண்ட்ஸ் அங்கே வைத்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய 7.4 டன் உடைந்த கண்ணாடி கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை ஊரார் காட்டிக்கொடுத்தார்கள். ஆலை மூடியது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. தொழிலாளர்கள் 2006-இல் உயர்நீதிமன்றம் போனார்கள். உடல்நலம் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் நிலை. இப்போது கொடுப்பதும் மனிதாபிமான அடிப்படையிலாம்.

பத்து வருஷ வழக்கு ஏன் என்று யோசித்தால், பாதரசமே பாதி எதிரி. வேலையை விட்ட சில மாதங்களில் சிறுநீரில் அதன் அளவு இறங்கிவிடும். சிறுநீரகத்திலும் நரம்பிலும் செய்துவைத்த கெடுதல் அதோடு போய்விடாது. வேலை பார்த்த காலத்திலேயே எழுதிவைக்காவிட்டால் பின்னால் நிரூபிப்பது பாடு. கல் தூள் அந்த மட்டில் நாணயமானது. உள்ளே போனால் தங்கிவிடும், படத்திலும் தெரியும். யாராவது கேட்டிருந்தால் போதும்.

11.3.2016, வெள்ளி

1948 தொழிற்சாலைச் சட்டம், மூன்றாம் அட்டவணை. பாதரச நஞ்சு நாலாவது, சிலிக்கோசிஸ் பன்னிரண்டாவது. 89-ஆம் பிரிவின்படி, இந்த நோய்களைப் பார்த்த மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும். மருத்துவர் எழுதுகிறேன் என்றார். சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று நோயாளியைக் கேட்டேன். "வாரக் கூலிக்கு ஏது சார் சீட்டு?"

அட்டையின் ஓரத்தில் எழுதினேன்: கிரஷர், 19 வருஷம்.

12.3.2016, சனி

அலமாரியில் பழைய அட்டைகளைப் பிரித்தேன். சளியில் கிருமி இல்லாமல் இரண்டாம் சுற்று மருந்து தின்றவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவராகப் போன் செய்தேன். நான்கு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஐந்தாவதில் ஒரு பெண் எடுத்தார்.

"அவரு போன தையிலயே போயிட்டாரு. ஆமா, கிரஷர்லதான் இருந்தாரு. ஏன் சார் இப்பக் கேக்குறீங்க?"