எந்தத் திருத்தியைக் கொள்வது?

தமிழில் மடல் எழுதுவோரும் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவோரும் இன்று கணினியையே நாடுகின்றனர். பிழை திருத்தும் கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றுள் எதனைக் கொள்வது என்று சங்க அன்பர் சிலர் வினவினர். நான் பழகிக் கண்டவற்றை ஈண்டுக் கூறுகிறேன்.

முதலாவது ஹன்ஸ்பெல். லிப்ரேஆபீஸ், பயர்பாக்ஸ் ஆகியவற்றில் எழுத்துப்பிழை பார்ப்பது இதுவே. ஹங்கேரிய மொழிக்கென எழுந்த இதற்குத் தமிழ்ச் சொற்பட்டியலும் உண்டு. ஆயினும் இது சொல்லைத் தனித்தனியே நோக்குமேயன்றி வாக்கியத்தை நோக்காது. "கடைக்குச் சென்று பலம் வாங்கினேன்" என்று நம் பிள்ளை எழுதினால் வாளா இருக்கும். பலமும் ஒரு சொல்லன்றோ! மாறாக, "வந்துகொண்டிருந்தவர்களுக்கும்" போன்ற பிழையற்ற நெடுஞ்சொல்லின்கீழ்ச் சிவப்புக்கோடு இட்டாலும் இடும்.

இரண்டாவது, டேனியல் நேபர் 2003-ஆம் ஆண்டில் தம் பட்ட ஆய்வாக உருவாக்கிய லாங்குவேஜ்டூல். விதிகளைக் கொண்டு வாக்கியத்தையே சோதிப்பது. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளை அறியும். அவற்றுள் தமிழும் உண்டு. எனினும் ஆங்கிலம், ஜெர்மன் விதிகளை நோக்கத் தமிழ் விதிகள் மிகச் சிலவே.

மூன்றாவது ஹார்ப்பர். ஆங்கிலம் ஒன்றே அறியும். ஆனால் விரைவானது, நம் எழுத்தை நம் கணினியிலேயே வைத்துச் சோதிப்பது.

இப்பண்பை நான் பெரிதாக மதிக்கிறேன். குடும்ப ஓய்வூதியம் வேண்டி எழுதித் தரக் கேட்கும் அம்மையார் ஒருவர், தம் வங்கிக் கணக்கு எண்ணையும் கணவரை இழந்த செய்தியையும் நம்மை நம்பியே கூறுகிறார். அதனைத் தொலைவிலுள்ள அயலார் கணினிக்கு அனுப்புதல் முறையாகுமா? லாங்குவேஜ்டூலை இணையவழிப் பயன்படுத்தினால் எழுத்து அங்ஙனமே செல்லும். மூலநிரல் திறந்திருப்பதால், அதனை நம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளவும் இயலும். சிறிது உழைப்பு வேண்டும், அவ்வளவே.

ஆகவே, ஆங்கில விண்ணப்பத்திற்கு ஹார்ப்பரையோ வீட்டில் நிறுவிய லாங்குவேஜ்டூலையோ கொள்க. தமிழுக்கு ஹன்ஸ்பெல் முதற்காவல் மட்டுமே. பின்னர்ப் பிள்ளையை அருகிருத்தி உரக்கப் படிக்கச் செய்க. பலமும் பழமும் வேறென்பதை நாவும் செவியுமே அவனுக்கு உணர்த்தும்.

இன்னொன்று. லாங்குவேஜ்டூலின் விதிகளுட் பெரும்பாலானவை எளிய கோப்புகளில் எழுதப்பட்டவை. வல்லினம் மிகும் இடம் அறிந்த பெரியவர் ஒருவரும் கணினி பயின்ற இளைஞர் ஒருவரும் சேர்ந்தமர்ந்தால் புதிய தமிழ் விதி ஒன்றை எழுதிச் சேர்க்கலாம். அவ்விருவரும் நம் சங்கத்தில் இல்லாமலா போவர்?