கம்மி செலவுல பனிமலை போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

1/ முட்டுக்காட்டுல வளர்ந்தவனுக்குக் குளிர்னா மார்கழி மாசம் படகுத்துறை பக்கம் அடிக்கிற காத்துதான். பனிமலையெல்லாம் சினிமா பாட்டுல பாத்ததோட சரி. ஆல்ப்ஸ் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. விசா, விமான டிக்கெட்டுன்னு கணக்குப் போட்டதும் ஆசை மணாலிக்கு இறங்கி வந்துடுச்சு.

2/ பிப்ரவரி கடைசி. நானும் ரெண்டு நண்பர்களும். சென்ட்ரல்ல இருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பர்ல டெல்லி, அங்கிருந்து அரசு பஸ்ல மணாலி. மூணு பேருக்கும் ஒரே அறை, நாள் வாடகை 900 ரூபாய். ஸ்வெட்டர்கூட இரவல். செலவு மிச்சம்னு பெருமை வேற.

3/ மறுநாள் அடல் சுரங்கப்பாதை வழியா சிஸ்ஸு போனோம். 2020ல் திறந்த, 9 கிலோமீட்டர் நீள சுரங்கம். உயரம் 10,000 அடிக்கு மேல. அங்கேயும் காத்துல ஆக்சிஜன் நம்ம ஊர் மாதிரி 21 சதவீதம்தான். ஆனா காற்றழுத்தம் குறைவு. அதனால ஒவ்வொரு மூச்சுலயும் கிடைக்கிற ஆக்சிஜன் குறையும்; தலைவலி, குமட்டல் வரலாம். அதனாலதான் பகல்ல சுத்திட்டு, தூங்க மணாலிக்கு இறங்கிட்டோம். எல்லாம் சரியா செஞ்சதா நினைச்சேன்.

4/ அறையில் ஹீட்டர் இல்லை. நாங்க நடுங்குறதைப் பாத்து விடுதிக்காரர் இரும்புச் சட்டியில் கரி நெருப்பு கொண்டு வந்தார். அங்கீதின்னு சொல்றாங்க. "கொஞ்ச நேரம் காய்ஞ்சிட்டு வெளியே வெச்சிடுங்க"ன்னார். நாங்க வைக்கலை. ஜன்னலையும் சாத்திட்டுப் படுத்துட்டோம்.

5/ ராத்திரி ரெண்டு மணி. மண்டை பிளக்குது. ஒருத்தன் வாந்தி எடுக்குறான். இன்னொருத்தனை எழுப்பினா பேச்சு குழறுது. உயரத்தால வந்ததுன்னு நினைச்சு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டினேன். 98. நல்லாத்தானே இருக்கு, காலையில பாத்துக்கலாம்னு திரும்பப் படுத்துட்டேன்.

6/ படுத்த பிறகுதான் உறைச்சுது. 6,000 அடிக்கு மேல 98ஆ? மூணு பேருக்கும் ஒரே நேரத்துலயா? கரி! எழுந்தா கால் நிக்கலை. தவழ்ந்து போய்க் கதவைத் திறந்து, ரெண்டு பேரையும் வராண்டாவுக்கு இழுத்தேன்.

7/ கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதான் 98 காட்டுச்சு. ஆஸ்பத்திரியில மாஸ்க் வெச்சு ஆக்சிஜன் கொடுத்தாங்க. ரத்தத்துல இந்த வாயு பாதியா குறைய வெளிக்காத்துல நாலஞ்சு மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன்ல சுமார் ஒன்னரை மணி நேரம்.

8/ மணாலிதான்னு இல்லை. ஊட்டி, கொடைக்கானல் போனாலும் இதேதான்:
• கரி அடுப்பு, பார்பிக்யூ எதையும் அறைக்குள்ளயோ கூடாரத்துக்குள்ளயோ வைக்காதீங்க. நீறு பூத்த கரியும் ஆபத்துதான்.
• ஒரே அறையில பலருக்கு ஒண்ணா தலைவலி, வாந்தி வந்தா முதல்ல வெளியே வாங்க. காரணத்தை அப்புறம் யோசிக்கலாம்.
• வெளியே வந்ததும் தெளிஞ்ச மாதிரி இருந்தாலும் 108க்குக் கூப்பிடுங்க. ஆக்சிஜன் வேணும்.
• ஆக்ஸிமீட்டரை நம்பிப் படுத்துடாதீங்க.

9/ எம்.பி.பி.எஸ் படிச்ச நானே நம்பிப் படுத்தேன். பேச்சு குழறினானே, அவனுக்கு அப்போ எட்டு மாசக் குழந்தை. இப்பவும் அந்தக் குழந்தையைப் பாக்கும்போதெல்லாம் அந்த 98 ஞாபகம் வரும்.

10/ பனிமலை போங்க. கம்மி செலவுலயே போங்க. குளிருச்சுன்னா 100 ரூபாய் கூடக் கொடுத்து இன்னொரு கம்பளி வாங்கிக்கோங்க.