வட்டியைத் தின்போம், அசலை விடுவோம்!

காலையில் பேப்பரைப் பிரித்ததும் நீங்கள் தங்கம் விலையைப் பார்ப்பீர்கள். தஞ்சாவூர்க்காரர் பார்ப்பது ஒரு குட்டிப் பெட்டிச் செய்தியை. 'மேட்டூர் அணை நீர்மட்டம்'. நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு, இருப்பு இவ்வளவு. பி.காம். படித்த என் கண்ணுக்கு அது அப்பட்டமான கேஷ் புக். வரவு, செலவு, க்ளோசிங் பேலன்ஸ்!

120 அடி, 93.47 டி.எம்.சி. என்றால் கஜானா ஃபுல். குறையக் குறைய டெல்டா விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால், அதே எண் இறங்குவதைப் பார்த்து உற்சாகமாக வலை தைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அணைக்குள் பரிசல் போடும் மீனவர்கள்.

"நூத்தி இருவது அடி நிக்கிறப்ப மீனு எந்த மூலையில கெடக்குதுன்னு யாரு கண்டது சார்? பங்குனி, சித்திரையில தண்ணி எறங்கட்டும். எல்லாம் பள்ளத்துக்கு வந்துரும்" என்றார் ஒரு பரிசல்காரர். பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் வற்றி, 1934-ல் அணை நிரம்பியபோது மூழ்கிய பழைய நந்தி சிலையும் சர்ச் கோபுரமும் தலை காட்டும் பருவம் அது. சாயங்காலம் நரம்பு வலையை விரித்துவிட்டு வந்தால், விடியற்காலையில் கட்லா, ரோகு, ஜிலேபி.

இந்த மூன்றுமே காவிரிக்கு வந்தேறிகள், தெரியுமா? கட்லாவைக் கோதாவரியிலிருந்து கொண்டுவந்தார்கள். ஜிலேபிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1952-ல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்து இறங்கியது. கடலிலிருந்து ஆற்றில் ஏறிவந்து முட்டையிட்ட உல்லம் மீன் (வங்காளிகள் உயிரை விடுகிறார்களே, அதே இலிஷ்தான்) அணை வந்த பிறகு காவிரியில் அருகிப்போனது.

இந்த மண்ணின் ராஜா என்றால் வாளைதான். பகலில் பதுங்கி, ராத்திரியில் வேட்டையாடும். வாய் நிறையப் பல். மற்ற மீன்கள்தான் அதற்குச் சாப்பாடு. சின்ன மீனைத் தூண்டிலில் கோத்துப் போட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். மாட்டினால் அன்றைக்குப் பரிசலே ஆட்டம் காணும்.

சிக்கல் இங்கேதான். வாளை, மழைக்காலத்தில் புதுவெள்ளம் வரும்போதுதான் முட்டையிடும். அப்படியென்றால், கோடைக் கடைசியில் பிடிபடுவது வயிற்றில் சினையோடு இருக்கும் மீன். கணக்குப் பாஷையில் சொன்னால், நாம் லாபத்தைச் சாப்பிடவில்லை. மூலதனத்தையே பொரித்துத் தின்கிறோம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வாளையை அபாயப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போடுவதும், மீன் இனம் பெருகட்டும் என்றுதான்.

பரிசல்காரரிடம் இதைச் சொன்னேன். அவருக்குத் தெரியாததா?

"சினை மீன விட்டுரலாம் சார். ஜூன் மாசம் புள்ளைக்கு ஸ்கூல் பீசு கட்டணுமே, அத எவன் விடுவான்?"

என்னிடம் பதில் இல்லை. அவரே வலையைத் தூக்கிக் காட்டினார். நாலு விரல் நுழைகிற பெரிய கண்ணி. "பொடி மீனு தப்பிச்சுரும். அதுங்க அடுத்த வருசத்துச் சம்பளம்." தன் சக்திக்கு உட்பட்ட சேமிப்பை அவர் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

மிச்சம் நம் கையில். மேட்டூருக்குப் போனால் அணைப் பக்கம் மீன் வறுவல் சாப்பிடாமல் நீங்கள் திரும்பப்போவதில்லை. மே, ஜூனில் போனால், "சினையோட இருக்கு சார், முட்டை சூப்பரா இருக்கும்" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். "ஜிலேபி போடுப்பா" என்று சொல்லிப் பாருங்கள். அது வருஷத்துக்குப் பல தடவை குஞ்சு பொரிக்கிற மீன். எடுக்க எடுக்க வட்டி வரும். முள் கொஞ்சம் அதிகம்தான். ஆனால், அசல் பத்திரமாக இருக்கும்!