ஐந்தாம் தேதி, நட்சத்திர வருஷம்

2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதியில் தடுமாறும் என்று பயந்த ஒய்டூகே என்றால், எங்கள் வீட்டில் ஒரே கதைதான். 1999 டிசம்பர் 31 ராத்திரி, திருச்செங்கோட்டில் சித்தப்பாவின் பைனான்ஸ் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர்காரர் வந்தார், பிளாப்பியைச் செருகினார், பன்னிரண்டு மணிக்குள் எல்லாக் கணக்கையும் காப்பாற்றினார். சித்தி இதைச் சொல்லும்போது அவர் குடித்த காபி மட்டும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகும். எனக்கு இந்தக் கதை எப்போதுமே உறுத்தும். புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் நான். திரும்பிய பக்கமெல்லாம் ஒட்டுப்போட்ட ஒரு பழைய புரோகிராமை, நள்ளிரவுக் கெடு வைத்து யாரும் சரிசெய்து கிழித்துவிடுவதில்லை.

சித்தப்பா காலமான பிறகு ஆபீஸைக் காலி செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே தவணை அட்டைகள், டாட் மேட்ரிக்ஸில் அடித்த கார்பன் பிரதிகள். 1997 தொடக்கத்தில், ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டிக்குக் கொடுத்த முப்பத்தாறு மாதக் கடன் ஒன்று. முதல் தவணை 05/02/97. இறங்கி வந்தால் 05/12/99 வரை ஒழுங்கு. கடைசி வரியில் 05/01/**. அந்த நட்சத்திரங்களை யாரோ நீலப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 2000 என்று எழுதியிருந்தார்கள்.

டாஸ் காலத்துப் புரோகிராம் மொழியான கிளிப்பரில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நட்சத்திரம் பழக்கமானது. இரண்டு இலக்கம் மட்டும் கொள்ளும் இடத்தில் மூன்று இலக்கத்தைத் திணித்தால் அது எண்ணை விட்டுவிட்டு நட்சத்திரத்தைக் கொட்டும். டிசம்பர் தாண்டியதும் வருஷத்தோடு ஒன்றைக் கூட்டியிருக்கிறார்கள், 99 நூறாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கிளிப்பர் தகவலைச் சேமிக்கும் டிபிஎஃப் ஃபைல் தேதியை நூற்றாண்டோடு சேர்த்து எட்டு இலக்கமாகத்தான் வைத்துக்கொள்ளும். அதன் மேல் கிளிப்பர் செய்யும் நாள் கூட்டலும் 2000-ஐத் தடுமாறாமல் தாண்டும். தேதியைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி ஒட்டிய புரோகிராமர்தான் நூற்றாண்டைத் தொலைத்தவர்.

ஆக, மூன்று வருஷம் முன்னால் பார்த்துக் கடன் கொடுக்கிற தொழிலில் 2000 என்பது 1997-லேயே வந்துவிட்டது. அதே வருஷம் ஏப்ரல் மாத அட்டையில் 05/03/00 என்று சுத்தமாக அடித்திருந்தது. பெட்டியில் இருந்த பிளாப்பிகளில் பாதி படிக்கவில்லை. தேறிய ஒன்றில், 1997 மார்ச் தேதியிட்ட ஃபைலில், 'செட் ஈபாக் டு 1980' என்று ஒரு வரி. 80 முதல் 99 வரை போன நூற்றாண்டு, 00 முதல் 79 வரை இந்த நூற்றாண்டு என்று கிளிப்பருக்குச் சொல்லும் கட்டளை அது. சொல்லாவிட்டால் 00 என்பதை 1900 என்றே எடுத்துக்கொள்ளும்.

ஏன் 80? இந்த எல்லைக்கோட்டை ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் போட்டிருக்கிறார்கள். எக்செல் 30-ல், ஏஎஸ்/400 இயந்திரம் 40-ல், ஆரக்கிள் 50-ல். டாஸின் நாட்காட்டியே 1980 ஜனவரி 1-ல்தான் தொடங்குகிறது, அதிலிருந்து வந்திருக்குமோ என்று பழைய கையேடுகளில் வெகுநாள் துழாவினேன். ஒன்றும் பெயரவில்லை. கடைசியில் அந்தக் கம்ப்யூட்டர்காரரையே தேடிப் போனேன். மலையடிவாரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"80-க்கு முந்தின வண்டிக்கு எவன் தம்பி லோன் குடுப்பான்?" என்றார், ஆதார் கார்டு நகல் எடுத்துக்கொண்டே. என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. "தேதி என்னுங்க, அரை நாள் வேலை. லாக்குதான் உசுர வாங்குச்சு."

அதற்குப் பிறகு தேதியைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் லாக்கில்தான் போய் நின்றது. பிரின்டர் வயருக்கும் மிஷினுக்கும் நடுவில் செருகும் கட்டைவிரல் நீளத்து டாங்கிள். அது இல்லாவிட்டால் புரோகிராம் திறக்காது. பேக்கேஜ் சென்னையில் ஒரு கம்பெனியில் வாங்கியது. லைசென்ஸ் 1999 கடைசி வரை. அதற்குமேல் வேண்டுமென்றால் 2000-க்கு ஏற்ற புது வெர்ஷன், மிஷினுக்கு ஒரு புது லாக். ஆனால் வடக்கே போன ரிக் வண்டி திரும்பும்வரை தவணையைச் சேர்த்துப் பிடிக்கிற கணக்கு, பங்காளிகளுக்கு மாதக் கடைசியில் பிரிக்கிற கணக்கு எல்லாம் இவர் பழைய வெர்ஷனில் தைத்துச் சேர்த்தவை. புதியதில் அவை எதுவும் கிடையாது. மறுபடி எழுத ஒரு வருஷமாவது ஆகும்.

எனக்குத் தேதி மறந்துபோய் லாக் மேல் ஆசை வந்தது அங்கேதான். திரைகளுக்கும் ரிப்போர்ட்டுகளுக்கும் சோர்ஸ் கொடுத்திருந்த கம்பெனி, லாக்கைச் சோதிக்கும் பகுதியை மட்டும் திறந்து படிக்க முடியாத ஆப்ஜெக்ட் ஃபைலாகக் கொடுத்திருந்தது. அதைக் கூப்பிடும் வரி சோர்ஸில் இருக்கிறது. முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டால் அது வெறும் குறிப்பாகிவிடும், லாக்கே வேண்டாம். ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"அடுத்தவன் பூட்டுல கை வெக்கறது நமக்கு ஆகாதுங்க."

சரி, மிஷினின் தேதியைத் தள்ளிவைத்து முன்கூட்டியே பார்த்திருக்கலாமே? முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் இழுத்தால் சில லாக் கண்டுபிடித்து ஒரேயடியாகச் சாத்திக்கொள்ளுமாம். அந்தப் பயம் நியாயமானதுதான், நானே அப்படிப்பட்ட லாக்கைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த ராத்திரி. பிளாப்பிகள் பேக்கப் எடுக்க. மற்றபடி எதையும் சரிசெய்ய அவர் வரவில்லை, திறக்கிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தார்.

திறந்தது. ஏன் என்று அப்புறம் குடைந்திருக்கிறார். லாக்கோடு வந்த சின்ன ஃபைலில் கெடு 991231 என்று எழுத்தாக இருந்தது. அன்றைய தேதி 000101. இரண்டையும் எழுத்தாக ஒப்பிட்டால் பூஜ்யம் ஒன்பதுக்கு முன்னால். லாக்கின் கணக்கில் கெடு இன்னும் வரவே இல்லை. 2099 டிசம்பர் 31 வரை வரவும் வராது. ஊருக்கெல்லாம் ஒய்டூகே வைத்தியம் விற்ற கம்பெனியின் பூட்டுக்கே அந்த வியாதி.

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"திங்கக்கிழமையே போன் போட்டுச் சொன்னேனுங்க. 'தெரியுங்க சார், புது வெர்ஷன்ல அதைச் சரி பண்ணிட்டோம், வாங்கிக்கங்க'ன்னாங்க."